தூக்கின கை

12 பிப்ரவரி 1947, புதன்.

ஹாக்கிப் பந்தயத்துக்காகக் கல்லூரிப் பையன்களைத் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்து மூன்று நாளாகிறது. இன்று பயிற்சியில் சந்தியாகு சுருண்டு விழுந்துவிட்டான். சரியான வெயில். ஓடி முடிக்கிறவரை ஒருத்தனுக்கும் தண்ணீர் கிடையாது என்பது என் சட்டம். என்னைப் பழக்கிய மாஸ்டர் வைத்த சட்டமும் அதுதான். நாங்கள் செத்தா போனோம்? கோப்பையோடுதானே ஊர் திரும்பினோம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டான். இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

சாயங்காலம் அவன் அப்பா வந்தார். இந்த ஊர்க்காரர்தான், சங்கு குளிக்கிறவர். கத்தப்போகிறார் என்று நானும் பதிலோடு நின்றேன். அவர் கத்தவில்லை.

“ரெண்டு தடவை கை தூக்குனேன்னு சொல்லுதான். சார் பாக்கலியோ?”

“பாக்கலை” என்றேன்.

“சரி சார். நாங்க முங்கும்போது மேல ஒருத்தன் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பான். கீழ இருந்து கயிறு அசைஞ்சா என்ன ஏதுன்னு கேக்க மாட்டான், தூக்கிருவான். அவனை நம்பித்தான் முங்குதோம். ஒங்களை நம்பித்தான் பிள்ளைய விட்டிருக்கேன்.”

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நாளைக்கும் பயிற்சி உண்டு. மைதானத்தில் தண்ணீர்ப் பானை வைக்கச் சொல்வதா? வைத்தால், இத்தனை வருஷமாக நான் செய்ததெல்லாம் என்ன? பையன்கள் இளகிப்போவார்கள். போனால்தான் என்ன. தெரியவில்லை.

படுத்தும் தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன். அவன் முதல் தடவை கை தூக்கினபோது நடிக்கிறான் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.