உன் குரலுக்கு ஒன்றுமில்லை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, பேனா ஓட மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமென்றால் உன் அழைப்பு வந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் புது ஆல்பத்துக்கு நீ பாடி அனுப்பியது வந்து சேர்ந்தது. ஒரு தடவை கேட்டார், முகம் செத்துப்போயிற்று. "அவ குரல் மங்கிப்போச்சுடி, போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு, தொண்டையில என்னவோ வந்திருக்கு, நம்மகிட்ட மறைக்கிறா" என்றார். நானும் பயந்துபோய் நம்பிவிட்டேன். அவர் வெளியே போன நேரம் பார்த்து நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பளிச்சென்று இருந்தது உன் குரல், 'ச' வருகிற இடத்திலெல்லாம் நாக்கு படுவதுகூடத் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட கையோடு அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. கோளாறு உன் தொண்டையில் இல்லை, அப்பாவின் காதில்.

மனசுக்கு அமைதி தருகிற ஆல்பம் என்றுதானே ஆரம்பித்தார், சிந்தசைசர் அலை அலையாகப் போகும், அதன் மேல் ஆர்கெஸ்ட்ரா மெல்ல ஏறும், நடுநடுவே விருந்தாளிகளாக நீங்கள் மூன்று நான்கு பேர் பாடுவீர்கள், கேட்கிறவர்கள் அப்படியே கண்ணயர்ந்துவிட வேண்டும் என்று? இப்போது கேட்கிறவர்களெல்லாம் பல்லைக் கடிக்கிறார்கள். வயலினில் கீச்சென்கிற மேல் சத்தம் பத்தவில்லை பத்தவில்லை என்று கூட்டிக்கொண்டே போகிறார், அலமாரியில் டம்ளரெல்லாம் அதிர்கிறது. புல்லாங்குழல் வாசிக்க வந்த அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். நம் ஒட்டடைக்குச்சி, அதுதான் இத்தனை வருஷமாக அவருக்கு ரெக்கார்டிங் பார்க்கிற பிள்ளை, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பஞ்சை வெச்சுக்கிட்டு என் பாட்டைக் கேக்கறவனுக்கு இங்க என்ன வேலை" என்று விரட்டிவிட்டார். செருப்பை மாட்டும்போது அவன் என்னிடம், "அக்கா, சாரைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நான் சொன்னா அடிக்க வருவாரு" என்றான். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே மிக்ஸிங் செய்கிறார்.

போன வாரம் நடந்ததைக் கேள். அந்த அறையில் பிளக் கருகிப் புகை வந்து, மேலே மாட்டியிருக்கிற அலாரம் வீல் வீலென்று அலறுகிறது. மாடியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தேன். ஹெட்போன்கூட மாட்டவில்லை மனுஷர், முதுகைக் காட்டிக்கொண்டு உன் பாட்டையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். என்னங்க என்னங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்து, "ஏண்டி இப்படித் தொட்டு பயமுறுத்தற, கூப்பிட்டா வரமாட்டேனா?" என்றார். அலாரம் அப்போதும் தலைக்கு மேல் அலறிக்கொண்டுதான் இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

டாக்டரிடம் போகலாமா என்றால் எரிந்து விழுகிறார். "ரெண்டு வரி பாடத் தெரியாதவ என் காதைப் பத்திப் பேச வந்துட்டா" என்கிறார். போகட்டும் என்று நானே போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். மேல் சத்தம்தான் முதலில் போகுமாம், போவது அவருக்கே தெரியாதாம், மற்றவர்கள்தான் சரியாகப் பாடவில்லை என்று தோன்றுமாம். போனது திரும்பாது, இப்படியே சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தால் மிச்சமும் சீக்கிரம் போய்விடும் என்றார்.

இரண்டொரு நாளில் மறுபடி பாடி அனுப்பு என்று உன்னைக் கேட்பார். பாசத்தில் அனுப்பித் தொலைக்காதே. எப்படிப் பாடினாலும் அவருக்கு மங்கலாகத்தான் கேட்கும், அதற்கும் சேர்த்துச் சத்தத்தைக் கூட்டுவார். என் பேச்சு எடுபடாது, இசை விஷயத்தில் உன்னை மட்டும்தான் நம்புகிறார். கோளாறு காதில்தான், டாக்டரிடம் காட்டுங்கள் என்று நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். ஆல்பம் முடியட்டும் என்று நீயும் தள்ளிப்போடாதே, அது முடிகிறபோது காதும் முடிந்திருக்கும். கோபிப்பார், போனை வைத்துவிடுவார், வைக்கட்டும், திரும்பவும் கூப்பிடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அவருக்கு மெசேஜ் எழுதி அனுப்பாதே. வாயைத் திறந்து சொல். உன் குரல் அவர் காதில் விழுகிற நாளிலேயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா