உடையும் வரை விருந்தாளி

மார்ச் 4, திங்கள்

இரண்டாம் உலையின் விசிறியை இன்று மாற்றினோம். உள்ளே கொதிக்கும் காற்றைச் சுழற்றும் எஃகு விசிறி அது. இரண்டு மாதத்தில் அதன் இதழ்களெல்லாம் வாடிய இலைபோலத் தொங்கிவிடும். உலையை ஆறவைத்து, பழசைக் கழற்றி, புதிதை மாட்ட வேண்டும். எனக்கும் என் ஆட்கள் நால்வருக்கும் பிழைப்பே அதுதான்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே சிரிக்கிறாள். அவள் தம்பி வருகிறானாம். எங்கள் ஆலைக்கே. செராமிக் விசிறியோடு!

மார்ச் 11, திங்கள்

வந்துவிட்டான். ஒரு பெட்டியில் துணி, இன்னொன்றில் விசிறி. விசிறிக்குத்தான் பஞ்சு மெத்தையெல்லாம்.

"பீங்கான்லயா விசிறி?" என்றேன்.

"வெறும் பீங்கான் இல்ல மாமா. உள்ள இழை இழையா கோத்திருக்கோம். விரிசல் விட்டாலும் இழையில முட்டி நின்னுடும். தட்டு மாதிரி பட்டுன்னு உடையாது. சூட்டுல தொங்கவும் தொங்காது. ஆனா இழையை ரொம்ப இறுக்கி ஒட்டிடக் கூடாது. கொஞ்சம் நழுவ விட்டாத்தான் தாங்கும்."

என் சோபாவில் அட்டைபோல ஒட்டிக்கொண்டு இதைச் சொல்கிறான்.

எவ்வளவு நாள் இருப்பாய் என்று நாசூக்காகக் கேட்டேன்.

"உடையிற வரைக்கும் ஓட்டிப் பாக்கணும் மாமா. உடைஞ்சதும் கிளம்பிடுவேன்."

பீங்கான்தானே. மிஞ்சிப்போனால் ஒரு வாரம்.

மார்ச் 13, புதன்

மேலாளர் முன்னால் ஒரு மாதிரித் துண்டை வைத்து, "யாராவது சுத்தியலால அடிச்சுப் பாருங்க" என்றான். யாராவது என்ன யாராவது — நானே போனேன். ஓங்கி ஒரு போடு. துண்டில் சின்னதாக ஒரு பள்ளம், ஓரத்தில் கொஞ்சம் நார். அவ்வளவுதான். என் மணிக்கட்டுதான் சுளுக்கிக்கொண்டது. மேலாளர் உடனே அவன் விசிறியை இரண்டாம் உலையில் மாட்டச் சொல்லிவிட்டார்.

மனைவி தைலம் தேய்த்தாள். "துண்டை அடிச்சீங்களா, என் தம்பியை நெனச்சு அடிச்சீங்களா?"

வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 25

உடையவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

குளியலறைக்குள் போனால் பாட்டுக் கச்சேரி முடிந்துதான் வெளியே வருகிறான். என் துண்டு அவன் தோளில். என் நாற்காலியில் அவன் மடிக்கணினி. எதையும் கேட்டால், "ஐயோ, சாரி மாமா" என்று எழுந்து நிற்கிறான். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. திட்டவும் வழியில்லாமல் போகிறது.

என் ஆட்கள் நால்வரில் ஒருவனான வெல்டர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, உங்க மச்சினன் ஃபேன் இப்படியே ஓடிக்கிட்டிருந்தா எங்க கதி என்ன?"

"உடைஞ்சிடும்டா" என்றேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து மனைவி சொன்னாள். அவன் கம்பெனிக்கு இதுதான் கடைசிச் சோதனையாம். இதுவும் தோற்றால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்களாம்.

"உங்ககிட்ட சொல்லாதேன்னான். பாவம் பாத்து நீங்க டெஸ்ட் ரிப்போர்ட்ல எதையாவது நல்லதா எழுதிடுவீங்களாம்."

நானா! பாவம் பார்ப்பேனாமா! இத்தனை நாள் கூடவே இருந்து என்னைப் பற்றி அவன் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

மே 17, வெள்ளி

காலையில் இரண்டாம் உலை கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது. மேலாளர் போனில், "உங்க பீங்கான் போச்சு, வாங்க" என்றார்.

ஓடினேன். பொய் சொல்வானேன், பாதி வழிவரை சந்தோஷமாகத்தான் ஓடினேன்.

உலைக்கூட வாசலில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து நின்றான். "சாயங்காலமே கிளம்பிடறேன் மாமா."

"உள்ள தெறந்து பாக்காம எவன்டா சொன்னான் ஒடைஞ்சதுன்னு?" — யாரோ கத்தினார்கள். பார்த்தால், நான்.

மேலாளருக்குத் திறப்பதில் இஷ்டமில்லை. "எதுக்கு மெனக்கெடணும்? டெஸ்ட் முடிஞ்சதுன்னு எழுதிக் குடுங்க. பழைய ஃபேனையே மாட்டிடலாம். உங்க ஆளுங்களுக்கும் அதுதானே நல்லது?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். யோசித்த பிறகும், "ஆறட்டும் சார், தெறந்து பாக்கலாம்" என்றுதான் வந்தது. எனக்கு என்ன ஆயிற்று?

மே 18, சனி

திறந்தோம். விசிறியில் ஒரு கீறல் இல்லை. வெளியே மோட்டார் பக்கம் இருக்கும் பேரிங்தான் பொடியாகிவிட்டது. எஃகு பேரிங்.

வெல்டர் விளக்கை அடித்து இதழ் இதழாகப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றான், சாவுச் செய்தி சொல்வதுபோல.

விசிறிக்குப் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணிக்கட்டு இன்னும் லேசாக வலிக்கிறது.

ஜூன் 20, வியாழன்

எல்லா உலைக்கும் அதே விசிறிதானாம். மச்சினனுக்கு அவன் கம்பெனியில் பதவி உயர்வு, இந்த ஊரிலேயே வேலை. மனைவி தெருவுக்கே கேட்கும்படி போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

என் ஆட்களில் இரண்டு பேரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். வெல்டரும் ஒருவன். கையுறையைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 7, ஞாயிறு

மச்சினன் இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்துப் போய்விட்டான். சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன். சுகம். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

அழைப்புமணி அடித்தது. மச்சினன். அவன் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு வெல்டர்.

"மத்த ஆலைங்கள்ல ஃபேன் மாட்ட ஆள் வேணும் மாமா. இவர எங்க கம்பெனிக்கே கேட்டு வாங்கிட்டேன். நாளைக்கு ரெண்டு பேரும் கிளம்பறோம்."

வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்திருப்பார்கள்போல. என்னைக் கண்டதும் வெல்டர் முகத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. விசிறியைக் கொண்டுவந்தவன் நல்லவன். அது உடையவில்லை என்று எழுதியவன் கெட்டவன். இருக்கட்டும்.

மச்சினன் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வெல்டர் நின்றுகொண்டே இருந்தான். மனைவி உள்ளேயிருந்து, "எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று குரல் கொடுத்தாள்.

"ஒக்காரலாமா அண்ணே?" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசியது அதுதான்.

மூன்று பேருக்கு அந்தச் சோபா நெருக்கம். நகர்ந்து உட்கார்ந்தேன்.