மீன் தின்னாத வீடு

பிப்ரவரி 24

இனிமேல் திட்டுவதையெல்லாம் எழுதித் திட்டு என்று சொல்லி என் வீட்டுக்காரர் இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நிவாரண மூட்டையில் வந்ததாம். "நம்ம கொட்டகைக்குச் சுவரு தகரம்டி. நீ ஒரு வார்த்தை சொன்னா ஒம்பது வீட்டுக்குக் கேக்குது. உன் வாய்க்குக் கொஞ்சம் லீவு குடு" என்றார். பத்தாவது வரை படித்தவள் நான். அந்தப் படிப்பு மீன் கூடை தூக்குவதற்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. திட்டுவதற்காவது ஆகட்டும்.

இன்றைக்குத் திட்ட நிறையவே இருக்கிறது.

அலை வந்து எங்கள் தெருவை வழித்துக்கொண்டு போனபிறகு, இன்றைக்குத்தான் படகு கொடுத்தார்கள். நாலு குடும்பத்துக்கு ஒரு படகு. கொடுத்தவர்களின் பெயரை இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்துதான் மிதக்கும், படகு தெரியாது. வரிசையாக நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி, போட்டோ எடுத்தார்கள். இவரும் பல்லைக் காட்டினார்.

என் தங்கை மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அவளுடைய நாலு வயதுப் பெண்ணைத்தான் அலை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. உடம்பு கிடைக்கவே இல்லை. புருஷன் என்பவன் எப்போதோ ஓடிப்போனவன். இப்போது அவளுக்கு நாங்கள் மூன்று பேர்தான், நான், இவர், எங்கள் எட்டு வயது மகள்.

போட்டோவெல்லாம் முடிந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தபிறகு, முகாம் அதிகாரி மெதுவாக வாயைத் திறந்தார். "படகு வாங்கின குடும்பத்துக்கெல்லாம் அடுத்த வாரத்திலேருந்து அரிசி கிடையாதும்மா. அதான் தொழில் திரும்பிடுச்சில்ல?"

தொழில் திரும்பிவிட்டதாம். எங்கே போயிருந்தது, மாமியார் வீட்டுக்கா?

பிப்ரவரி 27

கடல் கஞ்சத்தனம் பண்ணவில்லை. முதல் நாளே சங்கராவும் மத்தியுமாகக் கூடை நிறைந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று அந்தக் கனத்தைத் தலையில் வாங்கி! கழுத்து வலித்தது, அந்த வலிகூட நன்றாக இருந்தது. பாலத்தைத் தாண்டிப் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் அலை போகவில்லை. அங்கே ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை.

பதினோரு வருஷமாக நான் கூவுகிற தெரு அது. என் குரல் கேட்டதும் பூனைகள் முதலில் வரும், பிறகு பாத்திரத்தோடு பொம்பளைகள் வருவார்கள். இன்றைக்குப் பூனைகள் மட்டும்தான் வந்தன.

நீல கேட் வீட்டம்மாவை நானே கூப்பிட்டேன். என்னிடம் பேரம் பேசிவிட்டு, கடைசியாக ஒரு மத்தி சும்மா போடச் சொல்லாமல் ஒரு நாளும் போனதில்லை அந்த அம்மா. இன்றைக்குக் கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இப்ப எங்க வீட்ல யாரும் மீன் தொடறதில்லம்மா. கடல்ல அத்தனை பேர் போனாங்களே... அதுங்க என்னத்தைத் தின்னு கொழுத்திருக்கோ, யாருக்குத் தெரியும்?"

ஓட்டல்காரன் வாயால்கூடச் சொல்லவில்லை, பலகையைக் காட்டினான். 'இங்கே கடல் மீன் சமைப்பதில்லை.' சாக்பீஸில் கூட எழுதவில்லை, பெயிண்டில் எழுதியிருக்கிறான். டீச்சரம்மா பாவப்பட்டு ஒரு பழைய ஜன்னல் திரை கொடுத்தார். எனக்கு ஜன்னலே இல்லையம்மா என்று சொல்லவந்து, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஐஸ் வைக்க வழியில்லை. முழுக் கூடையையும் கடற்கரை மணலில் குழி வெட்டிப் புதைத்தேன். பசியோடு சாப்பாட்டைப் புதைத்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 1

அரிசி நின்றுவிட்டது. சொன்ன சொல் தவறாத மனுஷர் அந்த அதிகாரி.

மார்ச் 3

விற்காவிட்டால் வீட்டில் தின்ன வேண்டியதுதானே என்று முகாம் ஆபீசில் ஒருத்தன் கேட்டானாம். கேட்பான்.

நேற்று நாலு மத்தியைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுவந்தேன். மூலையில் சுருண்டு கிடந்த தங்கை எழுந்து உட்கார்ந்தாள். மூட்டையையே பார்த்தாள். பிறகு வெளியே ஓடினாள். வயிற்றில் ஒன்றுமில்லாதவளுக்கு வாந்தி வந்தால் என்ன வரும்? வெறும் பித்தம். முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது.

"அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். அதை உள்ள கொண்டாராத" என்றாள்.

கொண்டுவரவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் வீட்டில் பதினொன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது பறக்க மாட்டேன் என்கிறது.

இவர் படகிலேயே சுட்டுத் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருகிறார். தாடியில் வாசனை போகுமா? "வயித்துக்கு இதெல்லாம் தெரியாதுடி" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, வலை இழுக்கத் தெம்பு வேண்டும். ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறார் வேறு.

மார்ச் 5

இன்றைக்கு நீல கேட்டில் சண்டை போட்டேன். வேண்டுமென்றேதான் போனேன்.

"பதினோரு வருஷமா என் கை மீனைத் தின்னுட்டு இன்னிக்கு மூக்கைப் பொத்தறீங்களே, நியாயமா? எங்களை அலை ஒரு தடவை கொன்னுச்சு, நீங்க தினமும் கொல்றீங்க" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பக்கத்து வீட்டு மாடியிலெல்லாம் தலைகள் முளைத்தன. முளைக்கட்டும்.

அந்த அம்மா கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். மெதுவாகக் கேட்டாள், "சரிம்மா. நீ தின்னியா? அலைக்கப்புறம் உன் வீட்ல யாராச்சும் தின்னீங்களா?"

என் வாய் அடைத்துக்கொண்டது. என் வாய்! தகரச் சுவரைத் தாண்டி ஒன்பது வீட்டுக்குக் கேட்கிற வாய்!

திரும்பி வரும்போது பாலத்தடியில் உட்கார்ந்து, ஒரு மத்தியைச் சுள்ளியில் சுட்டேன். ஒரே ஒரு வாய் தின்றால் போதும், நாளைக்குப் போய் 'ஆமாம், தின்னேன்' என்று அவள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லலாம். பிட்டு வாய் வரைக்கும் கொண்டுபோனேன். தங்கை மகள் என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என் கம்மலைப் பிடித்து இழுப்பாளே, அந்த நினைப்பு வந்துவிட்டது. தூர எறிந்தேன். ஒரு நாய் தின்றது. நாய்க்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

ஊரைத் திட்டுகிறேனே, நான் மட்டும் யோக்கியமா? இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது போலிருக்கிறது.

மார்ச் 6

கூடையோடு முகாம் ஆபீசுக்குப் போனேன். வாசலில் புதிதாக இறங்கிய நிவாரண மூட்டைகள். ஒன்று பிரிந்து கிடந்தது, உள்ளே கம்பளிச் சட்டைகளும் குதி உயர்ந்த செருப்புகளும். இந்த வெயிலில் கம்பளி போட்டுக்கொண்டு, அந்தச் செருப்பில் நின்று பட்டினி கிடக்கலாம், பார்க்க அழகாக இருக்கும்.

அதிகாரியின் மேஜையில் கூடையை இறக்கி வைத்தேன். "எடுத்துக்கங்க சார். இன்னிக்குப் பிடிச்சது. தொழில்தான் திரும்பிடுச்சே, சாப்பிட ஆள்தான் திரும்பல. நீங்களாவது சாப்பிடுங்க."

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இல்லம்மா, எனக்கு... ஒத்துக்காது."

"எப்பலேருந்து சார் ஒத்துக்கல? போன வருஷம் உங்க வீட்டுக்கு வஞ்சிரம் கொண்டாந்து குடுத்தது நான்தான்."

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்கினாள். அவர் முகம் சிவந்துவிட்டது. அரிசி பற்றி மேலே எழுதிப் போட்டிருக்கிறாராம், பதில் வரவேண்டுமாம், பொறுக்க வேண்டுமாம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் நிச்சயம் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள்.

போகும்போது மேஜை டிராயரிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். மூஞ்சியில் எறிந்துவிட்டு வரத்தான் கை துடித்தது. மகளை நினைத்து வாங்கிக்கொண்டேன். அந்தப் பிஸ்கட்டை என்னால் மன்னிக்கவே முடியாது.

மார்ச் 9

நாலு பேருக்கு இரண்டு ரொட்டி. தங்கை பசிக்கவில்லை என்றாள். பொய்க்காரி.

மார்ச் 11

இன்றைக்கு நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

மகளைக் காணோம் என்று சாயங்காலம் தேடிக்கொண்டு போனேன். கவிழ்த்து வைத்த படகுக்குப் பின்னால் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் நெருப்பு. வலையிலிருந்து உதிர்ந்த பொடி மீன்களைப் பொறுக்கி, குடல்கூட எடுக்காமல் சுட்டுத் தின்கிறார்கள். வாயெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததை முழுசாக விழுங்கினாள். முள்ளோடு.

அடித்தேன். தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் வைத்து அடித்தேன். "சித்திக்குத் தெரிஞ்சா என்னடி ஆவும்? அவ மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? சொல்லு! இனிமே திம்பியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவள் அழவில்லை. "பசிச்சுதும்மா" என்றாள். ஒரே வார்த்தை. அதற்கும் ஒரு அடி அடித்தேன். பாவி நான். பசித்த பிள்ளை தின்றது என்று எந்தத் தாயாவது அடிப்பாளா?

நிமிர்ந்தால் தங்கை நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வந்து என் கையைப் பிடித்தாள். பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் தொட்டு அவள் வாயிலிருந்த கரியைத் துடைத்துவிட்டாள்.

யார் மேல் இந்தக் கோபத்தைக் காட்டுவது? கடல் மேலா? அது காதுகேளாத முண்டம்.

மார்ச் 12

காலையில் படகு வந்ததும் தங்கை கரைக்கு வந்தாள். அலைக்குப் பிறகு அவள் தண்ணீர்ப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. இவரே பயந்துபோய் நாலடி தள்ளி நின்றார். "மாமா, ஒரு கூறு குடுங்க" என்றாள். பிறகு என்னிடம், "அக்கா, கத்தி எங்க இருக்கு?"

வேண்டாம்டி என்றேன். நான் அறுக்கிறேன் என்றேன். "நீ சும்மா இரு" என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

கொட்டகைக்கு வெளியே கல்லில் வைத்து ஆரம்பித்தாள். ஏழு மீன் இருக்கும், எல்லாம் சங்கரா. முதல் மீனின் வயிற்றைக் கீறினாள். குடலை வெளியே எடுத்தாள். அதைத் தூக்கிப் போடுவாள் என்று பார்த்தால், உள்ளங்கையில் வைத்து, கத்தி முனையால் அதையும் பிளந்தாள். விரலால் மெதுவாகத் தடவினாள். குனிந்து பார்த்தாள். பிறகு மீன் வயிற்றுக்குள் விரலை விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கழுவி வைத்தாள். அடுத்த மீன். அதுவும் அதே மாதிரி.

எனக்கு மூன்றாவது மீனில்தான் புரிந்தது, என்ன தேடுகிறாள் என்று.

ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கியிருக்க வேண்டும். முடியவில்லை. அவள் அழவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. பிள்ளைக்குத் தலையில் பேன் பார்க்கிற மாதிரி அவ்வளவு பொறுமையாகப் பார்த்தாள்.

ஏழும் முடிந்ததும் கையைக் கழுவினாள். "ஒண்ணுமில்லக்கா. சாப்பிடலாம்" என்றாள்.

அடுப்பில் வைத்ததும் அவள்தான். வெந்ததும் முள் எடுத்து என் மகளுக்கு ஊட்டியதும் அவள்தான். அவளும் தின்றாள். நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

மார்ச் 17

ஒரு கொத்தனார் அரைக் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு போனார். கேள்வியே கேட்கவில்லை. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 9

தெருத் தெருவாகப் போவதை விட்டுவிட்டோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், முனையிலேயே கடை போட்டுக்கொண்டோம். நான் எடை போடுகிறேன், தங்கை அறுத்துக் கொடுக்கிறாள். நானும் வரேன் என்று அவளாகத்தான் கிளம்பி வந்தாள். ஓட்டல்காரன் பலகையைக் கழற்றிவிட்டான், நேற்று ஆள் அனுப்பிப் பாதிக் கூடையை வாங்கிக்கொண்டான். அரிசி பற்றி மேலேயிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இன்றைக்கு நீல கேட் வீட்டம்மா வந்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தங்கை அறுப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை ஒவ்வொரு மீனையும் கீறி, குடலைப் பிளந்து தடவி, வயிற்றுக்குள் விரல் விட்டுப் பார்த்து, பிறகு கழுவி வைக்கிறாள். ஒரு பொடி மத்தியைக்கூட விடுவதில்லை.

"உன் தங்கச்சி எவ்வளவு சுத்தமாப் பண்றா! உள்ள ஒரு துளி விடாம, பாத்துப் பாத்து..." என்றாள் அந்த அம்மா. "நீ அவசரத்துல வழிச்சுப் போட்டுடுவே. இனிமே நான் இவ கையாலதான் வாங்குவேன், சொல்லிட்டேன்."

பதினோரு வருஷத்துக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிட வாய் திறந்தேன். தங்கை தலை நிமிரவில்லை. "அடுத்ததை எடுத்துக் குடுக்கா" என்று கையை நீட்டினாள்.

எடுத்துக் கொடுத்தேன்.

"ஆமாம்மா, அவ கை சுத்தம்" என்று சொல்லிவிட்டு, தராசைப் பிடித்தேன்.