மாடிவீட்டு அந்தோணிசாமி பிடித்த பாலம்

பிப்ரவரி 9, ஞாயிறு இரவு.

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் அந்தோணிசாமி இன்று மாலை காபிக்கு வந்தார். பட்டாளத்தில் பாராசூட் படையில் இருந்து, பிறகு சுரங்கத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மனைவி சரோஜா போரைப் பற்றிக் கேட்டாள்.

"எங்கள தப்பான எடத்துல எறக்கிட்டாங்கம்மா. ரேடியோ ஒரு விமானத்துல, அதுக்குப் பேட்டரி இன்னொரு விமானத்துல. எங்க ஆபீசர் மரத்தடியில குந்திகினு, மேலருந்து உத்தரவு வரட்டும்ங்கிறாரு. ரேடியோ பேசாம உத்தரவு எப்படிங்க வரும்? நான்தான் பசங்கள இட்டுகினு போயி பாலத்தப் புடிச்சேன்."

"அப்புறம்ண்ணே?" என்றாள் சரோஜா. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவள் ஒரு "அப்புறம்" போட்டதில்லை.

அவரை மடக்கத்தான் கேட்டேன்: "உங்களுக்குப் பயமே இல்லையா?"

"பயமா! விமானத்துக் கதவாண்ட நின்னு அழுதேன் சார். பின்னாடி நின்னவன்தான் தள்ளிவுட்டான்."

சரோஜா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு எடுத்துவைத்திருந்த வடையையும் அவர் தட்டில் போட்டாள். அவர் போனதும், "எவ்வளவு தைரியமான மனுஷர்!" என்றாள்.

நானும் பயந்தவன்தான். பவர் ஹவுஸில் வேலை பார்த்த காலம் முழுவதும் மேலதிகாரி கையெழுத்தில்லாமல் ஒரு மோட்டாரைக்கூட நிறுத்தியதில்லை. என் பயத்தை மட்டும் அவள் ஒருநாளும் ரசித்ததில்லை.

அவர் கிளம்புமுன், பாலம் பிடித்த கதையை இரண்டாம் முறையும் அவரைச் சொல்லச்சொல்லிக் கேட்டிருந்தாள். அந்த மரத்தடி ஆபீசர் பிறகு என்ன ஆனார் என்று கேட்கவே இல்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.