பிராந்திக்கு முதல் பந்தி

10-2-1976
மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு. கரும்பு வெட்டு என்று பாதிப் பிள்ளைகள் வரவில்லை. எறையூரில் தச்சு வேலை முடித்து வீட்டுக்காரர் நாளை வருகிறார். குடிக்காமல் வந்தால் கோழி அடிக்கலாம்.

11-2
குடித்துத்தான் வந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

12-2
"அம்சா, இன்னும் விடியலையா? எல்லாம் ஒரே பால் வெள்ளையா இருக்கு" என்றார். வெயில் ஏறியிருந்தது. கூடக் குடித்த அங்கமுத்து செத்துப்போனான் என்று அதற்குள் ஓர் ஆள் வந்து சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாலசுந்தரம், "சரக்குல வார்னிஷ் ஸ்பிரிட் கலந்திருக்கு. நல்ல பிராந்தி வேணும். இங்க இருக்கறது பத்தாது" என்றார். எனக்குக் காது கெட்டுவிட்டதா?

"அந்த விஷம் உடம்புல செரிக்கறப்பதாம்மா கண்ணும் உசுரும் போகும். பிராந்தி உள்ள இருந்தா உடம்பு அதைத்தான் முதல்ல செரிக்கும். விஷம் செரிக்காமலே மூத்திரத்துல போயிடும்."

மதுவிலக்குக் காலத்தில் பிராந்திக்கு எங்கே போவேன்? ஊரில் குடிக்கப் பர்மிட் உள்ளவர் ரிட்டயர்டு தாசில்தார் ராசாங்கம். போன காந்தி ஜெயந்தி ஊர்வலத்தில் அவர் வாசலில்தான் பிள்ளைகளை நிறுத்தி, குடி குடியைக் கெடுக்கும் என்று கத்த வைத்தேன். கேட்டதும் பாட்டிலை எடுத்துவந்தார். "அக்டோபர்ல மறுபடி வந்து கத்துங்க டீச்சர். இப்ப ஓடுங்க."

13-2
டாக்டர் சொல்லும் அளவில் தண்ணீர் கலந்து நானே ஊட்டுகிறேன். வாடை வந்தாலே கதவைச் சாத்தியவள் நான். அவர் அழுதுகொண்டே விழுங்குகிறார்.

வியப்பு தீரவில்லை. உடம்புக்குள் கல்யாணப் பந்தி நடக்கிறது. பிராந்திக்கு முதல் பந்தி. விஷம் வாசலில் காத்துக் காத்து எழுந்து போகிறது. இந்த ஒழுங்கை உள்ளே யார் வைத்தது? அதை யார் கண்டுபிடித்தது? கும்பிடத் தோன்றுகிறது — கையிலோ பிராந்தி.

16-2
உயிருக்குப் பயமில்லை. கண்ணைப் பற்றிக் கேட்டால், "பொறுத்துப் பாப்போம்மா" என்கிறார் டாக்டர். மிச்சப் பாட்டிலை டாக்டரிடமே கொடுத்துவிட்டேன்.

9-5
நிழல் தெரிகிறதாம்.

2-10-1976
ஊர்வலம். ராசாங்கம் வாசலில் நின்று கேட்டார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். பிறகு கத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சொன்னார்: "தேரடி டீக்கடையில இருந்தேன். நீ போறதைப் பாத்தேன்."

"குரலை வச்சாங்க?"

"இல்ல புள்ள. பச்சைப் புடவைதான் கூட்டத்துல பளிச்சுன்னு தெரிஞ்சுதே."

நான் கட்டியிருந்தது நீலம்.

"ஆமாங்க, பச்சைதான்" என்றேன்.