மூணாவது பாட்டு

ஜெஸ்வினு,

உன் தங்கச்சி ஊருக்குப் போறப்போ உன் ராப் பாட்டெல்லாம் என் செல்லுல ஏத்திக் குடுத்தா. வேன்ல அதைப் போட்டுக்கினுதான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓட்றேன். வேகமா பாடுறியா, முதல்ல ஒண்ணும் புரியல. கேட்டுக் கேட்டு இப்ப மனப்பாடம்.

அம்மா பாட்டுல டிரம்மு மெதுவா வருது, அவ நடக்குற மாதிரியே.

ஆனா எனக்குப் பிடிச்சது மூணாவதுதான், நீ என்னைக் கிழிக்கிறது. அதுல டிரம்மு உன் கோவத்துக்கு ஈடா ஓடுது. நேத்து முண்டியம்பாக்கத்துல ஏறுன ஒரு அம்மா, "பெத்தவனை இப்படியா பேசுவான்? மாத்துங்க"ன்னாங்க. நான் மாத்தல.

மத்த பாட்டுல அம்மா வர்றா, சிநேகிதக்காரன் வர்றான், தெருநாய்கூட வருது. இதுல மட்டும்தான் நீ என்னை அப்பான்னு கூப்பிடுற.

அப்பா