தெற்குப் பார்த்த கூரை

நேற்று வெளியே போக உங்கள் கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். குளிர் அப்படி. பைக்குள் கைவிட்டால் உங்கள் திசைகாட்டி. உள்ளங்கையில் வைத்தேன். முள் கொஞ்சம் நடுங்கி, வடக்கே போய் நின்றது.

உங்கள் வேலையை ஊருக்கு எப்படி எழுதுவதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வெயிலில் தண்ணீர் சூடாக்கும் பெட்டியைக் கூரையில் பூட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் செலவில் ஒரு பங்கு கொடுக்கும். பூட்டியது சரியா என்று நீங்கள் ஏறிப் பார்த்து ஒப்பம் வைக்கவேண்டும். "கூரை பார்க்கிற உத்தியோகம்" என்று எழுதிவிட்டேன். வாசித்துவிட்டு எவ்வளவு சிரித்தீர்கள்!

நாங்கள் மெல்பேர்னில் வந்திறங்கியபோது இடம் தந்தவர்கள் ஊர்க்காரரான அண்ணையும் அவர் மனைவி அக்காவும். ஸ்பிரிங்வேலில் நான் நடந்துபோய்த் தமிழ் கதைக்க இருந்தது அந்த ஒரு வீடுதான். எனக்கு இங்கிலீசு வராது. நீங்கள் வேலைக்குப் போய்விட்டால் அக்கா சமைக்கிற குசினியில்தான் என் வாய் திறக்கும்.

அண்ணையும் அந்தப் பெட்டியைப் பூட்டினார். பார்க்கப் போன உங்களோடு நானும் வந்தேன்.

"ஏறத் தேவையில்லைத் தம்பி. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஒப்பத்தை வையும்."

நீங்கள் ஏறினீர்கள். இறங்கி வந்து, "அண்ணை, இது தெற்கைப் பாக்குது" என்றீர்கள்.

"ஊரிலை வெயில் தெற்காலைதானே அடிக்கிறது?"

"இஞ்சை சூரியன் வடக்காலை போகும். வடக்கைப் பாக்கிற முன்பக்கம் மாத்துங்கோ, உடனை வந்து பாக்கிறன்."

"முன்பக்கமோ? றோட்டாலை போற வெள்ளையள் பாக்க, வீட்டுத் தலையிலை தண்ணிப் பீப்பாயோ!" அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ரை வீட்டிலை படுத்தெழும்பினவர் எனக்குச் சட்டம் படிப்பிக்கிறார்."

வரும் வழியில் உங்களைக் கெஞ்சினேன். ஒரு கையெழுத்துத்தானே, கண்ணை மூடிக்கொண்டு போட்டால் என்ன?

"போடலாமப்பா. தண்ணி சூடாகாதே."

அதோடு அந்த வீடு எங்களுக்கு இல்லாமல் போனது. கடையில் கண்டால் அக்கா அண்ணைக்குப் பின்னால் நின்று கண்ணால் மட்டும் கதைப்பார். உங்களுக்கு வேலைக்குப் போகக் கந்தோர் இருந்தது. எனக்கு யன்னல். கறிச்சட்டியோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை நீங்கள் அறியமாட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு அண்ணை வந்தார். "உம்மடை மனுசனுக்குப் பிறகு கூரை பாக்க வந்தவன் பாஸ் பண்ணிப்போட்டான், தங்கச்சி. காரைவிட்டு இறங்கவேயில்லை. பழசை விடும். வீட்டுப் பக்கம் வந்துபோம்" என்றார்.

நேற்றுப் போனது அங்கேதான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் குசினி! அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முன்னறையிலிருந்து அண்ணை கூப்பிட்டார். "தங்கச்சி, சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து கையைப் பிடிச்சுப் பாரும்! எப்பிடி?"

பிடித்தேன். பச்சைத் தண்ணீர். கொஞ்சநேரம் ஓடவிட்டும் பார்த்தேன், விரல் விறைத்தது.

சுடுது என்று சொன்னால் உங்களைப் பொய்யனாக்கிவிடுவேன். இல்லை என்று சொன்னால் திரும்பவும் யன்னல்தான்.

"குளிருது அண்ணை" என்றேன்.

அக்கா என் காதருகே வந்தார். "எனக்குத் தெரியாதே? கேத்திலிலை காய்ச்சித்தான் முழுகிறன். பெட்டிக்குக் கரண்டைப் போட்டுச் சூடாக்க மனுசன் விடாது. பாஸ் பண்ணினது சுடத்தான் வேணுமாம்."

கேத்தில் கொதித்ததும் அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வெளிக்கிடும்போது, "போட்டு வாறன் அண்ணை" என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

இன்று பகல் முழுக்க யன்னலடியில் இருந்தேன், கோட்டைக் கழற்றாமல். இனி அந்தக் கதவு திறக்குமோ தெரியாது. உங்கள்மேல் உள்ள கோபமும் போகவில்லை. ஆனால் பாருங்கள், தண்ணீர் சூடாகாது என்று அன்றைக்கு நீங்கள் சொன்ன, நான் விடச்சொல்லிக் கெஞ்சிய அந்த உண்மைதான் நேற்று என் வாயிலும் வந்தது.